கட்டியவருக்குச் சொந்தமில்லாத வீடு

1607-இல் எப்வொர்த் ஊர்த் தேவாலயத்தின் சொத்துகளை யாரோ உட்கார்ந்து பட்டியல் எடுத்திருக்கிறார்கள். அதில் ரெக்டர் குடியிருக்கும் வீடு இப்படி வருகிறது: ஐந்து அங்கணம், முழுக்க மரச்சட்டமும் சாந்தும், மேலே வைக்கோல் கூரை, மூன்று அடுக்கு, முக்கியமான அறைகள் ஏழு. அடுக்களை, கூடம், வரவேற்பறை, சாமான் அறை, மாடியில் பெரிய அறைகள் மூன்று. வீட்டோடு ஒரு களஞ்சியம். அதுவும் மரமும் மண்சுவரும் வைக்கோலும்தான், ஆனால் ஆறு அங்கணம். போதாததற்கு ஒரு புறாக்கூடு.

இரண்டு தூண் வரிசைகளுக்கு நடுவில் வரும் இடத்தைத்தான் அங்கணம் என்கிறோம். மனுஷன் இருக்கிற வீடு ஐந்து, தானியம் வைக்கிற இடம் ஆறு. இங்கிலாந்து கிராமத்து ரெக்டரி என்பது என்ன மாதிரிக் கட்டடம் என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது. அது வெறும் சாமியார் வீடு இல்லை. ஊரின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வந்து இறங்குகிற பண்ணை வீடு. தானிய தசமபாகம் உட்பட முழுப் பங்கும் கிடைப்பவர் ரெக்டர். சில்லறைப் பங்கு மட்டும் கிடைப்பவர் விகார். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஜெபத்தைத்தான் சொல்வார்கள், ஆனால் வீடு வேறு வேறு சைஸில் இருக்கும்.

நம் பக்கத்துச் சபைகளில் இதற்குக் ‘குருமனை’ என்று அழகான வார்த்தை இருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதையே வைத்துக்கொள்கிறேன்.

இந்த மாதிரி வீட்டின் விசித்திரமே அதன் சொந்தக்காரர் யார் என்பதில்தான் இருக்கிறது. குருமனை ரெக்டருக்குச் சொந்தம், ஆனால் அவர் ரெக்டராக இருக்கும்வரை மட்டும். விற்க முடியாது. பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியாது. அதே சமயம் கூரை ஒழுகினால் சரிசெய்வது அவர் கைக்காசு. சரிசெய்யாமல் செத்துப்போனால்கூட விடமாட்டார்கள். அடுத்து வரும் ரெக்டர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, எங்கெல்லாம் இடிந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, செத்தவரின் குடும்பத்திடம் நஷ்டஈடு கேட்கலாம். இங்கே வாடகை வீடு காலி செய்யும்போது ஒருவர் கையில் டேப்லெட்டோடு வந்து, கார்ப்பெட்டில் கறை, சுவரில் ஆணி ஓட்டை என்று போட்டோ எடுப்பார் இல்லையா, அதே கதைதான். ஆனால் வாடகைக்காரன் வீட்டைக் கட்டுவதில்லை. ரெக்டர் சமயத்தில் கட்டவும் வேண்டியிருந்தது.

எப்வொர்த் ரெக்டர் சாமுவேல் வெஸ்லிக்கு அந்தச் சமயம் 1709-இல் வந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அப்பா அவர். 1690-களில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஆண்டு வருமானம் ஏறக்குறைய 200 பவுண்டு. அந்தக் காலத்துக்கு நல்ல சம்பளம். ஆனாலும் கடன் தீரவேயில்லை. கவிதை எழுதுவார், பெரிய பெரிய நூல் திட்டங்கள் போடுவார், விவசாயம் தெரியாமல் நிலத்தில் இறங்குவார். 1705-இல் 30 பவுண்டுக்கும் குறைவான கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் மாதக்கணக்கில் இருந்தார். அவர் உள்ளே இருந்தபோது யாரோ இராத்திரியில் வந்து வீட்டு மாடுகளைக் கத்தியால் குத்திவிட்டுப் போனார்கள். ஊருக்கும் அவருக்கும் ஆகாது. தேர்தலில் ஊர் ஒரு பக்கம், இவர் இன்னொரு பக்கம்.

அந்த ஊரையும் குறை சொல்ல முடியவில்லை. எப்வொர்த் இருப்பது ஆக்ஸ்ஹோம் தீவு என்ற பகுதியில். கடல் தீவு இல்லை, சதுப்புக்கு நடுவில் மேடான நிலம். 1620-களில் வெர்முய்டன் என்ற டச்சு எஞ்சினியர் வந்து சதுப்பை வடித்து வயலாக்கினார். அதுவரை மீன் பிடித்து, பறவை பிடித்து, பொதுநிலத்தில் மாடு மேய்த்துப் பிழைத்தவர்களின் இடம் கைமாறிப் போனது. அந்தக் கோபம் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஆறவில்லை. வெளியிலிருந்து வந்து, விளைச்சலில் பத்தில் ஒன்று எடுத்துக்கொண்டு, கூடவே அறிவுரையும் சொல்கிற ஆளை அவர்களுக்கு எப்படிப் பிடிக்கும்?

1702-இல் ஒரு தடவை குருமனையில் பெரும்பகுதி எரிந்தது. அடுத்தது 1709 பிப்ரவரி 9, நடுநிசிக்குக் கொஞ்சம் முன்னால். ஊர்க்காரர்கள் வைத்த தீ என்று வெஸ்லி குடும்பம் சந்தேகப்பட்டது, நிரூபணம் ஆகவில்லை. கூரையிலிருந்து தீப்பொறி உதிர்ந்து மகள் ஹெட்டியை எழுப்பியது. வைக்கோல், மரம், சாந்து. கால் மணிநேரம்கூடத் தாங்காத கலவை. நிறைமாதக் கர்ப்பிணியான சூசன்னா நெருப்புக்குள் நடந்தே வெளியே வந்தார். முகத்திலும் கையிலும் தீக்காயம். தோட்டத்தில் நின்று தலைகளை எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. ஐந்து வயது ஜான் மாடியில். அப்பா மறுபடி மறுபடி ஓடிப் பார்த்தார், படிக்கட்டு எரிந்துகொண்டிருந்தது. அங்கேயே மண்டியிட்டு மகனின் ஆன்மாவைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டார்.

பையன் ஒரு பெட்டிமேல் ஏறி ஜன்னலில் தெரிந்தான். கீழே ஒருவர் ஏணி எடுத்து வரேன் என்றார். இன்னொருவர் அதுக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அவர் தோள்மேல் ஒல்லியான ஆள் ஒருவரை ஏற்றினார்கள். கை எட்டியது. பையனை இழுத்த சற்று நேரத்தில் கூரை மொத்தமும் உள்பக்கமாகச் சரிந்தது. வெளிப்பக்கம் சரிந்திருந்தால் எல்லாரும் போயிருப்பார்கள்.

ஜான் வெஸ்லியைக் கடவுள் காப்பாற்றினார் என்பதற்கு 300 வருஷமாகச் சொல்லப்படும் கதை இது. எனக்கு இதில் தெரிவது மாடி ஜன்னலின் உயரம். ஒருவர் தோளில் இன்னொருவர் நின்றால் எட்டிவிடுகிறது. அவ்வளவு தாழ்வான அறைகள். மூன்று அடுக்கு என்று பட்டியலில் பெரிதாக இருந்தாலும் ஒவ்வோர் அடுக்கும் தலை இடிக்கிற உயரம்தான் இருந்திருக்க வேண்டும். அந்த ஏழ்மையான கட்டுமானம்தான் வீட்டைக் கொளுத்தியது, பையனை மீட்டதும் அதே கட்டுமானத்தின் குள்ளம்தான்.

ஒரு வருஷத்துக்குள் சாமுவேல் வெஸ்லி அதே இடத்தில் புது வீடு எழுப்பினார். அதுதான் இன்றும் நிற்கிறது. நான் போனது ஒரு சனிக்கிழமை. டான்காஸ்டர் வரை ரயில், அப்புறம் பஸ். வழி முழுக்கத் தட்டையான வயல், நேர்கோட்டில் வெட்டிய கால்வாய்கள். “ஒரு வீட்டைப் பாக்க இவ்ளோ தூரமா?” என்று மனைவி பஸ்ஸில் தூங்கிவிட்டாள். மேட்டில் தேவாலயம், கொஞ்சம் நடந்தால் குருமனை.

முதல் பார்வையில் வீடு பொய் சொல்கிறது என்றே தோன்றியது. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, வரிசை பிசகாத உயரமான ஜன்னல்கள், இரண்டு தளம், மேலே பரண் தளம். ஆன் அரசியின் காலத்தில் வசதியான நிலக்கிழார் கட்டுகிற தோரணை. சில வருஷத்துக்கு முன்புதான் கடன்காரர் சிறையிலிருந்து வெளியே வந்த ஆளின் வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். இனி எரியாது என்பது செங்கல்லுக்கு ஒரு காரணம். ஊர் என்னை விரட்ட முடியாது என்பது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். தீ வைத்தவர்கள் தினமும் பார்த்தாக வேண்டிய முகப்பு அது.

செலவு 400 பவுண்டு. அதாவது இரண்டு வருஷ வருமானம். குருமனை கட்டுவதற்குப் பதவியின் வருமானத்தையே அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்ற சட்டம் 1776-இல்தான் வந்தது. சாமுவேலுக்கு அந்த வழி இல்லை. அப்புறம் ஆயுள் முழுக்க அந்த வீடு அவரை விழுங்கியது. சூசன்னாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சூரத்தில் இருந்தவர். 1722-இல் அவருக்கு எழுதிய கடிதத்தில் சூசன்னா கணக்கு ஒப்பிக்கிறார்: வீடு எரிந்து ஏறக்குறைய 13 வருஷம் ஆச்சு, வீட்டுக்குள் பாதி சாமான்கூட இல்லை, எனக்கும் பிள்ளைகளுக்கும் பாதி உடுப்புகூட இல்லை. வெளியே அரண்மனை முகப்பு, உள்ளே காலி அறைகள். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அந்த ஜன்னல் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாற்காலி இல்லாத அறைதான் தெரிகிறது.

அந்தக் காலி அறைகளை நிரப்பியது சூசன்னா. 19 பிள்ளைகள் பெற்று 10 பேர் பிழைத்தார்கள். தீ விபத்துக்குப் பிறகு வீடு கட்டி முடியும்வரை அவர்களைச் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் வீடுகளில் பிரித்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்ததும் பழக்கவழக்கம் கெட்டுப்போயிற்று என்று சூசன்னா ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தார். காலை 9-இலிருந்து 12 வரை பாடம், மதியம் 2-இலிருந்து 5 வரை பாடம். இரவில் தினம் ஒரு பிள்ளைக்குத் தனியாகப் பேச ஒரு நேரம். ஜானுக்கு வியாழன். பெண்பிள்ளைகளுக்கும் படிப்புதான் முதலில். வாசிக்கத் தெரியாத பெண்ணைத் தையலில் உட்கார வைக்கக் கூடாது என்பது அவர் விதி. தீப்பொறி பட்டு எழுந்த ஹெட்டி எட்டு வயதில் கிரேக்கம் வாசித்தவள்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1711 கடைசியில் சாமுவேல் திருச்சபைப் பேரவைக்காக லண்டன் போய்விட்டார். மூத்த பெண் எமிலியா அப்பாவின் படிப்பறையில் துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு புத்தகம் கிடைத்தது. டேனிஷ் மிஷனரிகளின் அறிக்கை. சீகன்பால்கும் புளுட்சாவும் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழ் கற்று, அங்கிருந்து எழுதிய கடிதங்கள். எமிலியா வாசிக்க அம்மா கேட்டார். இதைப்போல எதுவும் தன்னைப் பாதித்ததில்லை என்று கணவருக்கு எழுதுகிறார். நான் ஆணும் இல்லை, குருவும் இல்லை, ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கூடுதலாக ஏதோ செய்யலாம் என்று யோசிக்கிறார்.

செய்தது இதுதான். ஞாயிறு மாலை பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் அடுக்களையில் ஒரு பிரசங்கம் வாசித்துக் காட்டினார். வேலைக்காரப் பையன் தன் அப்பா அம்மாவிடம் சொன்னான். அவர்கள் வந்தார்கள். பிறகு அக்கம்பக்கம். 30, 40 என்று ஏறி, 1712 தொடக்கத்தில் 200-ஐத் தாண்டியது. இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். மாடுகளைக் குத்திய, வீட்டைக் கொளுத்தியதாகச் சந்தேகப்பட்ட அதே ஊர்.

அந்த அடுக்களையில் நானும் கொஞ்ச நேரம் நின்றேன். நெரித்து நின்றால் எத்தனை பேர் கொள்ளும் என்று கண்ணால் அளந்து பார்த்தேன். எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 200 வரவில்லை. கூடம், நடை, படி, வாசல் எல்லாம் சேர்த்தால்தான் வரும். 400 பவுண்டு முகப்பு செய்ய முடியாததைப் பின்கட்டு செய்திருக்கிறது. தரங்கம்பாடி மணலிலிருந்து கிளம்பிய கடிதம் லிங்கன்ஷைர் கிராமத்து அப்பாவின் படிப்பறைக்கு வந்து, அங்கிருந்து அம்மாவின் அடுக்களைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான் நடந்தது. உதவிக் குருவுக்குப் பொறுக்கவில்லை, லண்டனுக்குப் புகார் போனது. நிறுத்திவிடு என்று சாமுவேல் எழுதினார். சூசன்னாவின் பதில் ஒரு வக்கீலுக்குரிய பதில்: வேண்டுகோளாக எழுதாதீர்கள், தெளிவான கட்டளையாக எழுதுங்கள், நாளைக்குக் கடவுள் முன் நிற்கும்போது பொறுப்பு என் தலையில் விழக் கூடாது. சாமுவேல் கட்டளையிடவில்லை.

பரண் தளத்தில் பேய் கதை ஒன்று உண்டு. 1716 டிசம்பரிலிருந்து சுமார் இரண்டு மாதம் தட்டும் சத்தம், முனகல், தச்சன் பலகை இழைக்கிற சத்தம். பிள்ளைகள் அதற்கு ‘ஓல்டு ஜெஃப்ரி’ என்று பேர் வைத்தார்கள். ஜார்ஜ் மன்னருக்காக ஜெபிக்கும்போது மட்டும் சத்தம் அதிகமாகுமாம். அவசரமாகக் கட்டிய வீட்டில் ஈர மரம் காய்ந்து நெளிந்திருக்கும் என்று எஞ்சினியர் மூளை சொல்கிறது. ஏழு வருஷம் கழித்தா, அரசியல் பார்த்தா என்று அதே மூளை கேட்கிறது. விட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள், “அவர் செத்ததும் அந்தம்மாவுக்கு எத்தனை நாள் குடுத்தாங்களாம்?”

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த வாரம்தான் என் டீமில் மூன்று பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். ஸ்பான்சர் விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் உள்துறை வழக்கமாகக் கொடுப்பது 60 நாள். அதற்குள் புது ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வேலை என் பெயரில், விசா வேலையின் பெயரில், அவள் விசா என் பெயரில். எங்கள் வீட்டுச் சோபா வாங்கும்போது அவள் பார்த்த முதல் விஷயம் பிரித்து மடக்க முடியுமா என்பதுதான். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாமா என்று நான் கேட்டபோது, யாருக்கு அடிக்கிறோம் என்று திருப்பிக் கேட்டாள்.

சூசன்னாவுக்கு நடந்தது இதுதான். 1734 வாக்கில் சாமுவேல் படுத்துவிட்டார். தனக்குப் பிறகு மகன்களில் ஒருவர் இந்தப் பதவிக்கு வந்தால் வீடு கையைவிட்டுப் போகாது, சூசன்னாவும் வீட்டிலிருக்கிற பெண்ணும் தெருவுக்கு வரமாட்டார்கள். மூத்த மகன் மறுத்தார். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த ஜானைக் கேட்டார்கள். ஜான் எண் போட்டு 20-க்கும் மேற்பட்ட பத்திகளில் ஒரு கடிதம் எழுதி மறுத்தார். என் ஆன்மாவின் நலத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டுதான் நல்லது என்பது சாராம்சம். தர்க்கத்தில் ஓட்டையே இல்லாத கடிதம், அதனாலேயே படிக்கும்போது எரிச்சல் வருகிறது. ஐந்து வயதில் அந்த மனையிலிருந்து அவரைத் தோள்மேல் தோள் வைத்து மீட்டார்கள், அம்மாவுக்குத் தோள் கொடுக்கும் முறை வந்தபோது அவரிடம் எண்ணிட்ட காரணங்கள் இருந்தன. கடைசி நேரத்தில் மனம் மாறி முயற்சி செய்தார்தான். பதவி வேறொருவருக்குப் போனது.

1735 ஏப்ரல் 25 அன்று சாமுவேல் இறந்தார். கடன் 100 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். வெளியே குத்தகைக்கு எடுத்த நிலத்துக்கு 15 பவுண்டு பாக்கி. அதற்காக நிலத்துக்காரர் 40 பவுண்டு பெறுமான கால்நடைகளை ஓட்டிக்கொண்டு போனார், அடக்கம் நடந்த அதே நாளில். நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக அந்த மனையில் இருந்த சூசன்னா கேய்ன்ஸ்பரோவில் பள்ளிக்கூடம் நடத்திய எமிலியாவிடம் போனார். அப்புறம் ஒவ்வொரு பிள்ளை வீடாக மாறிக்கொண்டே இருந்தார். ஹெட்டிக்கு அந்த வீடு அதற்கும் பத்து வருஷம் முன்பே மூடிவிட்டது. பிடித்தவனோடு போனாள், திரும்பி வந்தாள், அப்பா அவளை மனதார மன்னிக்கவேயில்லை. பிளம்பர் ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். எஞ்சியிருக்கும் அவள் கவிதைகளில் இறந்த குழந்தைகள்தான் அதிகம்.

பிற்பாடு ஜான் வெஸ்லி கட்டடப் பத்திரங்களில் காட்டிய கறார்த்தனத்துக்கு இந்தப் பின்னணி காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 1739-இல் பிரிஸ்டலில் முதல் பிரசங்கக் கூடம் கட்டும்போது பத்திரம் சில அறங்காவலர்கள் பெயரில் இருந்தது. அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் உன் கூடத்திலிருந்து உன்னையே வெளியேற்றலாம் என்று ஒயிட்ஃபீல்டு எச்சரித்தார். ஜான் உடனே அந்தப் பத்திரத்தை ரத்து செய்து பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். 1763-இல் எல்லாக் கூடங்களுக்கும் பொதுவான மாதிரிப் பத்திரமே தயாரானது. யார் உள்ளே பேசலாம், யார் யாரை வெளியேற்ற முடியாது என்று வரிவரியாக.

எப்வொர்த் செங்கல் வீட்டில் ரெக்டர்கள் வந்தார்கள், போனார்கள். 1950-களில் மெதடிஸ்டுகள் வாங்கி, பழுதுபார்த்து, 1957-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இங்கிலாந்து முழுக்க இப்படிப் பழைய குருமனைகளைத் திருச்சபை விற்றுத் தீர்த்திருக்கிறது. ‘தி ஓல்டு ரெக்டரி’ என்று வாசலில் பலகை இருந்தால் வீட்டு புரோக்கர்களுக்குக் கொண்டாட்டம். கட்டியவர்கள் கடனில் செத்த வீடுகளில் பல இன்று பத்து லட்சம் பவுண்டைத் தாண்டிப் போகின்றன.

1742 ஜூன் 6, ஞாயிறு. ஜான் வெஸ்லி பல வருஷம் கழித்து எப்வொர்த் வந்தார், சத்திரத்தில் தங்கினார். குருமனையில் வேறு குடும்பம். தேவாலயத்தில் பேச அனுமதி கேட்டார், உதவிக் குரு மறுத்துவிட்டார். அன்று மாலை தேவாலயத்துக்கு வெளியே, அப்பாவின் கல்லறைப் பலகைமேல் ஏறி நின்று பேசினார். எப்வொர்த் அதுவரை பார்த்திராத கூட்டம் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த வாரம் மாலைதோறும் அதே கல்தான் மேடை. அடுத்த மாதம் லண்டனில் சூசன்னா இறந்தார், பழைய பீரங்கி வார்ப்புச்சாலை ஒன்றை ஜான் குத்தகைக்கு எடுத்துக் கூடமாக்கியிருந்த கட்டடத்தின் ஒரு அறையில்.